வேலையிழந்தார்க்கு உரிய பணம்

வேலை என்னுஞ் சொல் நம் தமிழிற் பல பொருள் தருவது. பண்டை நூல்களைப் பயில்வார் அதனைக் கடலென்றுங் கொள்வர், கடற்கரையென்றுங் கொள்வர். இக்காலத்தார் தொழிலென்று மாத்திரமே கொள்வர். இராயபுரந் தொடங்கித் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாய் எண்ணூர்வரை வாழ்வார்க்கோ இவ்விரு பொருளும் பெரும்பாலும் ஒன்றேயாம். கிழக்கே கடல்; மேற்கே ஆலைச் சுவர்; இடையே வீடுகள். 1856-ஆம் ஆண்டில் தென்னிந்தியாவின் முதற் புகைவண்டி இராயபுரத்தினின்று புறப்பட்ட நாள்முதலாய்ப் பிற ஊரார் தொழில் தேடி வந்திறங்கிய நிலம் இது. 1948-இல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸும், 1955-இல் திருவொற்றியூரில் என்பீல்டு மோட்டார் சைக்கிளும் தோன்றின. இவ்வாறு தொழில் வந்த வரலாற்றைப் பலர் எழுதியுளர். தொழில் போன பின்னர் என் செய்வது என்பதனைப்பற்றி எழுதினார் சிலரே. ஆதலின் இக்கட்டுரையில் அதனையே எடுத்துக்கொண்டோம்.

மத்தேயு சுவிசேஷத்தின் 20-ஆம் அதிகாரத்திற் சொல்லப்படும் திராட்சத் தோட்டத்து உவமையை இக்கல்லூரியில் அறியாதார் இலர். அதனில் நம் கருத்து பெரும்பாலும் கூலி கொடுக்குமிடத்திற் சென்று தங்கும். யாமோ கடைத்தெருவிற் பதினோராம் மணிவரை நின்ற அம்மனிதரையே நினைக்கின்றோம். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று தோட்டக்காரர் வினவ, தம்மை எவரும் அமர்த்திக்கொள்ளவில்லை என்று அவர் விடை கூறினர். அவ்விடையைத் தோட்டக்காரர் ஏற்றார், சான்று கேட்டிலர். இக்காலத்து அலுவலகங்கள் சான்று கேட்கும். கேட்டல் தவறென்பது எம் கருத்தன்று. பொதுப்பணத்தைக் காப்பார் கேட்டேயாதல் வேண்டும். ஆயின் அச்சான்று எவர் கையில் உளது என்பதிலேதான் வழக்கெல்லாம் பிறக்கின்றது.

மேல்நாட்டில் இதற்கு வழிகாட்டியது இங்கிலாந்தின் 1911-ஆம் ஆண்டுத் தேசியக் காப்பீட்டுச் சட்டமாகும். கட்டடம், கப்பல் கட்டுதல், இயந்திரத் தொழில் முதலிய சிலவற்றிற் பணிபுரிவார்க்கு வேலையற்ற காலத்தில் வாரம் 7 ஷில்லிங்கு, ஆண்டுக்கு 15 வாரத்திற்கு மேற்படாமல், அச்சட்டம் அளித்தது. மறுக்கப்பட்டவர் முறையிடுதற்கு முதலாளி தரப்பில் ஒருவரும் தொழிலாளர் தரப்பில் ஒருவரும் தலைவர் ஒருவருமாகிய மன்றமும், அதற்கு மேல் நடுவர் ஒருவரும் அமைந்தனர். கொடுக்குஞ் சட்டத்தோடு மறுப்பைக் கேட்கும் மன்றமும் உடன்பிறந்தது கவனிக்கத்தக்கது. எனினும் 1920-களில், மெய்யாகவே வேலை தேடினாரென்று விண்ணப்பக்காரரே மெய்ப்பித்தல் வேண்டும் என்னும் விதி ஆங்கே புகுந்தது. வேலையே இல்லாத ஊரில் வேலை தேடியலைந்தமைக்குச் சான்று காட்ட இயலாது பலர் தள்ளப்பட்டனர். 1930-இல் அவ்விதி நீக்கப்பட்டது.

நம் நாட்டின் நிலை வேறு. பேராசிரியர் அடார்க்கர் 1944-இல் அளித்த அறிக்கை நோய், பேறுகாலம், தொழில்வழி வந்த காயம் ஆகியவற்றிற்கே காப்பீடு வகுத்தது. அதன்வழி வந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்திலும், அஃதாவது ஈ.எஸ்.ஐ. என்று நாம் வழங்குஞ் சட்டத்திலும், வேலையின்மைக்கு இடமில்லை. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு வேலையின்மைக் காலத்துப் பொது உதவியைக் கூறுகின்றது. அரசின் பொருளாதார ஆற்றலுக்கு உட்பட்டு என்னும் வரையறையோடு கூறுகின்றது. அண்மைய பெரம்பூரிலே பக்கிங்காம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளர் 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கங் கண்டவர். அவ்வாலை 1996-இல் மூடப்பட்டபொழுதும் காப்பீட்டின்வழி வேலையின்மைத் தொகை பெறுதற்கு விதி இருந்ததில்லை. 1948-க்குப்பின் 57 ஆண்டு கழிந்து, 2005 ஏப்ரல் 1-இலேதான் இராஜீவ் காந்தி பெயரால் ஒரு திட்டம் வந்தது. ஆலை மூடலாலோ ஆட்குறைப்பாலோ வேலையிழந்த காப்பீட்டாளர்க்கு ஊதியத்திற் பாதியை ஒரு காலவரை அது அளித்தது. ஆலை மூடப்பட்டதென்றும் ஆட்குறைப்பு நிகழ்ந்ததென்றும் எழுத்தில் இருப்பவர்க்கே அது பயன்பட்டது. ஒப்பந்தக்காரரிடம், அஃதாவது காண்டிராக்டரிடம், வேலை செய்வார்க்கு அங்ஙனம் எழுத்தில் யாதும் இராது. நாளை வரவேண்டா என்னும் வாய்ச்சொல்லே உளது.

2018 ஜூலை 1 முதல் அடல் பெயரால் அமைந்த காப்பீட்டாளர் நலத்திட்டம் இக்குறையை ஒருவாறு நிரப்பியது. முதலில் இரண்டாண்டுச் சோதனையாகத் தொடங்கிப் பின்னர்க் காலவரம்பு நீட்டப்பட்டு வந்த திட்டமாதலின், விண்ணப்பிக்க எண்ணுவார் அந்நாளில் அது நடைமுறையில் உளதா என்று கிளை அலுவலகத்திற் கேட்டறிதல் நலம். தொடக்கத்தில் நாள் ஊதியத்தின் சராசரியிற் காற்பங்கை 90 நாள்வரை, வாழ்நாளில் ஒருமுறையாகத் தந்தது. வேலை போய் மூன்று திங்கள் கழிந்த பின்னரே கேட்கலாயிற்று. 2020-இல் கொரோனாத் தொற்றின் காலத்திற் காற்பங்கு பாதியாயிற்று. மூன்று திங்கள் 30 நாளாயிற்று. முதலாளி வழியாய் அன்றித் தொழிலாளர் தாமே விண்ணப்பிக்கலாம் என்றாயிற்று. நாட்கூலி 500 ரூபாய் பெற்றவர்க்குப் பழைய கணக்கில் 11,250 ரூபாயும் புதிய கணக்கில் 22,500 ரூபாயும் வரும். ஒரு குடும்பத்தின் மூன்று திங்கள் வாடகையும் பள்ளிக் கட்டணமும் இவ்விரண்டு தொகைகளுக்கும் இடைப்பட்ட வேறுபாட்டில் அடங்கும்.

தகுதி யாதெனின், வேலை போவதற்கு முன் இரண்டாண்டு காப்பீட்டுக்கு உட்பட்ட பணியில் இருந்திருத்தல் வேண்டும். 2020-இல் தளர்த்தப்பட்ட விதிப்படி, உடனே முந்திய பங்களிப்புப் பருவத்தில் 78 நாளேனும், அவ்விரண்டாண்டின் எஞ்சிய மூன்று பருவங்களுள் ஒன்றில் 78 நாளேனும் பங்களிப்புச் செலுத்தப்பட்டிருத்தல் வேண்டும். பருவமென்பது ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையும், அக்டோபர் முதல் மார்ச் வரையும் ஆம். ஒழுங்கீனத்திற்காக நீக்கப்பட்டவர், வயது முதிர்ந்து ஓய்வுபெற்றவர், தாமாக விலகியவர், வேலைநிறுத்தத்தாலோ கதவடைப்பாலோ வேலையற்றிருப்பவர் ஆகியோர்க்கு இத்தொகை இல்லை.

இவ்வளவும் ஏட்டிற் படித்தபொழுது எளிதாகவே தோன்றிற்று. சென்ற ஆண்டு எம் தெருவினர் ஒருவர்க்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கப் புகுந்தபின்னரே இதன் முடிச்சுகள் விளங்கின. அவர் வயது நாற்பத்தைந்தைத் தாண்டியவர்; திருவொற்றியூர்ப் பக்கத்து ஆலை ஒன்றில் ஆறாண்டு ஒப்பந்தத் தொழிலாளராய் இருந்தவர். ஏப்ரல் முதல் வாரத்தில் நிறுத்தப்பட்டார். மே திங்களில் விண்ணப்பித்தார். ஜூனில் மறுப்பு வந்தது: முந்திய பருவத்தில் 78 நாள் இல்லை என்பது காரணம். அக்டோபர் முதல் மார்ச் வரை விடாது வேலைக்குச் சென்றவர்க்கு 78 நாள் எங்ஙனம் இல்லாமற் போகும்? எம் நண்பர் இருவரும் யாமும் ஞாயிறு ஆராதனை முடிந்த பிற்பகலில் அவர் கணக்கைக் கணினியில் எடுத்துப் பார்த்தோம். 71 நாள் என்றிருந்தது. பின்னர் அவர் பழைய அட்டை ஒன்றைத் தகரப் பெட்டியினின்று எடுத்து நீட்டினார். அதிலிருந்த எண் வேறு. அப்பருவத்தின் நடுவே ஆலையில் ஒப்பந்தக்காரர் மாறினர்; வேலை மாறவில்லை, இடம் மாறவில்லை, இயந்திரமும் மாறவில்லை. புதிய ஒப்பந்தக்காரர் பழைய எண்ணைக் கேளாது புதிதாய்ப் பதிவு செய்துவிட்டார். பழைய எண்ணில் 52 நாள், புதிய எண்ணில் 71 நாள். கூட்டினால் 123. தனித்தனியே நோக்கின் இரண்டும் 78-க்குக் குறைவு. ஒருவரே இருவராகிவிட்டமையால் இருவர்க்கும் ஒன்றுமில்லை என்றாயிற்று.

இது வடசென்னையில் அரிய நிகழ்ச்சியன்று என்று அதன்பின் பலரைக் கேட்டறிந்தோம். ஆதலின் படிப்போர்க்கு யாம் சொல்லத்தக்க முதற் செய்தி இதுவே: ஒப்பந்தக்காரர் மாறும்பொழுதெல்லாம் பழைய காப்பீட்டு எண்ணைத் தொழிலாளர் தாமே எழுத்திற் கொடுத்தல் வேண்டும், இரண்டு எண் உண்டாகிவிட்டதேல் அவற்றை ஒன்றாக்குமாறு கிளை அலுவலகத்தில் மனுச் செய்தல் வேண்டும். வேலை இருக்கும்பொழுதே செய்தல் எளிது. போனபின் செய்வது, எம் அனுபவத்தில், ஒன்றரைத் திங்கள் வேலை.

பங்களிப்பே செலுத்தப்படாதிருந்தால் என் செய்வது என்று சிலர் வினவலாம். 2019 ஜூலை முதலாக முதலாளி பங்கு ஊதியத்தில் 3.25 விழுக்காடு, தொழிலாளர் பங்கு 0.75 விழுக்காடு. தொழிலாளர் பங்கை ஊதியத்திற் பிடித்துக்கொண்டு கட்டாது விடுதல் நம்பிக்கை மோசடி என்றே தண்டனைச் சட்டம் கருதியது. ஒப்பந்தக்காரர் கட்டாவிடினும் ஆலையுடைய முதன்மை முதலாளியே முதற்கண் கட்டுதற்குரியர் என்று 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு வகுத்தது. ஒருவர் ஊழியரா, எவ்வளவு பங்களிப்பு, முதன்மை முதலாளி யார் என்னும் வினாக்களைத் தீர்த்தற்குத் தொழிலாளர் காப்பீட்டு நீதிமன்றம் என்பதொன்று தனியே அமைக்கப்பட்டது. அதனை அறிந்தார் தொகை மிகக் குறைவு. ஊதியச் சீட்டு, வருகைப் பதிவு, ஆலை வாயில் அனுமதி அட்டை முதலியவற்றைப் பலர் வேலை போனவுடன் வெறுப்பினால் கிழித்தெறிகின்றனர். அவைதாம் அந்நீதிமன்றத்திற் பேசுவன.

எண்கள் ஒன்றாக்கப்பட்டன. ஆகஸ்டு திங்களில் இரண்டாம் மறுப்பு வந்தது. அலுவலகம் ஒப்பந்தக்காரரிடம் விசாரிக்க, அவர் தாமாக விலகினார் என்று மறுமொழி வந்திருந்தது. வேலையின்மைத் தொகைபற்றிய வழக்குகளுக்கெல்லாம் உயிர்நிலை இவ்விடமே. ஆட்குறைப்பென்று எழுதினால் ஒரு திங்கள் முன்னறிவிப்பும், பணிபுரிந்த ஒவ்வோராண்டிற்கும் 15 நாள் ஊதியமும் முதலாளி தரவேண்டிவரும். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத்தொகுப்பின்படி, புதுத்தொழில் கற்றற்கென மேலும் 15 நாள் ஊதியம் 45 நாளுக்குள் தொழிலாளர் கணக்கிற் சேர்தல் வேண்டும். விலகினார் என்று எழுதினாலோ இவற்றுள் ஒன்றும் இல்லை. எனவே கணினியில் விலகிய காரணம் என்னும் கட்டத்தில் எதனைக் குறிப்பது என்பதில் ஒரு தரப்பார்க்கு மிகுந்த நாட்டமுண்டு. மறுதரப்பார்க்கோ அக்கட்டம் உளதென்பதே தெரியாது. இலக்கணத்தில் வழக்கு என்பது உலகோர் சொல்லும் முறை. நீதிமன்றத்தில் வழக்கு என்பது இருவர் மாறிச் சொல்லுவது. இங்கே ஒருவர் சொன்னதே முறையாகி, மற்றவர் சொல் கேட்கப்படாமலே வழக்கு முடிந்துவிடுகின்றது.

அவரிடம் ஒரு சான்று இருந்தது. மேற்பார்வையாளர் கைப்பேசியில் அனுப்பிய செய்தி: நாளை முதல் வரவேண்டா, ஆள் தேவைப்படின் அழைக்கிறோம் என்பது. அதனை அழியாது வைத்திருந்தமை அவர் அறிவுடைமை. புதுக் கைப்பேசி வாங்கப் பணமில்லாமையும் ஒரு காரணம் என்று அவரே நகைத்தார். அச்செய்தியைப் படியெடுத்து, நாளும் நேரமும் குறித்து, விலகலன்று நிறுத்தமே என்று ஒரு பக்கத்தில் எழுதினோம். முதற்படியில் யாம் நான்கு பக்கம் எழுதியிருந்தோம். அதில் அலங்காரச் சொற்கள் மிகுதி. சட்டம் பயிலும் நண்பர் அதனைப் பார்த்து, அலுவலர் தேடும் மூன்று தேதிகள் எங்கே என்று கேட்டார், இரண்டுதான் இருந்தன. வேலையிற் சேர்ந்த தேதி, நிறுத்திய தேதி, விண்ணப்பித்த தேதி ஆகிய மூன்றும் முதல் வரியிலேயே இருக்குமாறு திருத்தி எழுதினோம்.

மனுவை நேரிற் கொடுத்து, நகலில் முத்திரையுந் தேதியும் பெற்றோம். நேரிற் செல்ல இயலாதார் விரைவுத் தபாலில் அனுப்பி இரசீதைக் காத்தல் வேண்டும். வாய்மொழியாய்ச் சொல்லப்படும் மறுப்பை மறுப்பென்று கொள்ளலாகாது. காரணத்தை எழுத்திற் கேட்டல் உரிமை. பல திங்கள் விடையில்லையாயின் 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ், எம் மனு எந்த அலுவலர் மேசையில் எத்தேதிமுதல் உளது என்று வினவலாம். 30 நாளில் விடை தரவேண்டும் என்பது அச்சட்ட விதி. நுங்கம்பாக்கம் ஸ்டெர்லிங் சாலையிலுள்ள மண்டல அலுவலகத்திற்கும் முறையிடலாம். வேலைநீக்கமே தவறென்று வாதிட விரும்புவார்க்கு அது வேறு வழி: தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் செல்லல் வேண்டும். புதிய தொகுப்பின்படி, தகராறு எழுந்து இரண்டாண்டு கடந்தபின் அவ்வலுவலர் அதனை எடுத்துக்கொள்ளார். லூக்கா சுவிசேஷத்தில் நியாயாதிபதியிடம் ஓயாது சென்று நின்ற விதவையைப்போல் நாடோறும் சென்று நிற்பதற்கும் கூலிவேலை செய்வார்க்கு ஒரு நாட்கூலி செலவாகும் என்பதனையும் ஈண்டுக் குறித்தல் வேண்டும்.

மூன்றாவது தடை சிறியது. ஆயினும் தமிழர்க்கே உரியது. பெயர். ஆதாரில் தந்தை பெயர் முழுமையாயும், வங்கிப் பாஸ் புத்தகத்தில் முதலெழுத்தாயும், காப்பீட்டு அட்டையில் ஞானஸ்நானப் பெயர் மாத்திரமாயும் இருந்தன. ஆரோக்கியசாமி என்னும் பெயரை ஆங்கில எழுத்தில் எத்தனை வகையாய் எழுதலாம் என்று ஒருநாள் எண்ணிப்பார்த்தோம். ஒன்பது வரையில் எண்ணி விட்டுவிட்டோம். முன்பு இத்திட்டத்திற்குப் பிரமாணப் பத்திரமும் வேண்டியிருந்தது. 2020-இல் அது நீக்கப்பட்டது. பெயர்த் தடையை நீக்குவார் இன்னும் தோன்றவில்லை.

காப்பீட்டுக்குள் வாராத மீனவர் நிலையையும் ஒருவாறு சொல்லுதல் வேண்டும். கீழைக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் மீன்பிடித்தல் கூடாது. அந்நாளில் காசிமேட்டுத் துறைமுகத்திற் படகுகள் நெருங்கி நிற்கும் காட்சியைக் கண்டவர் அறிவர். அத்தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாயாக உயர்த்தப்படும் என்று 2023-இல் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தை மூடியபொழுது, அரசு 2,301 மீனவக் குடும்பங்களுக்கு 12,500 ரூபாய் வீதமும், 787 படகுகளுக்கு 10,000 வீதமும், 6,700 குடும்பங்களுக்கு 7,500 வீதமும் அறிவித்தது. ஆங்கும் வழக்குத் தொகையைப் பற்றியதினும் பட்டியலைப் பற்றியதே. படகுடையார் எண்ணுதற்கு எளியர். கழிமுகச் சேற்றில் இறங்கிக் கையால் இறால் தடவுவாரை எப்பதிவேடு எண்ணும்?

துறைமுகத் தொழிலாளர்க்கு ஒரு காலத்தில் இதனினும் நல்லதோர் ஏற்பாடு இருந்தது. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழிச் சென்னையிலும் துறைமுகத் தொழிலாளர் வாரியம் அமைந்தது. பதிவு பெற்றவர் முறைப்படி அழைக்கப்படுவர். வந்து நின்றும் வேலை கிடையாதாயின் வருகைப்படி உண்டு. வேலைக்கென்று அனுப்பப்பட்டு, மழையாலோ கப்பல் வாராமையாலோ அது தொடங்காதொழியின் அதற்கும் ஒரு தொகை உண்டு. அதற்குச் சட்டம் இட்ட ஆங்கிலப் பெயரைத் தமிழிற் சொன்னால் ஏமாற்றப் பணம் என்றாகும். வந்து நின்றதே சான்று. வேறு சான்று வேண்டியதில்லை. 1997-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வாரியங்களைத் துறைமுகங்களோடு இணைத்தற்கு வழிசெய்தது. திராட்சத் தோட்டத்து உவமைக்கு நம் சட்டங்களுள் மிக அணுகியது அவ்வேமாற்றப் பணமே என்று எமக்குத் தோன்றும்.

எம் தெருவினர்க்கு நவம்பரிற் பணம் வந்தது. நாள் ஊதியம் 480 ரூபாயாகலின் பாதி 240. 90 நாளுக்கு 21,600 வரவேண்டும். வந்தது 49 நாளுக்குரிய 11,760 ரூபாய். எஞ்சிய 41 நாள் ஏன் இல்லையென்று கேட்க, ஐம்பதாம் நாளில் அவர் மீண்டும் வேலையிற் சேர்ந்ததாய்ப் பதிவு உளது என்றனர். உண்மையே. வேறோர் ஆலையின் பராமரிப்பு வேலைக்கு மூன்று நாள் சென்றார். நேர்மையான அவ்வொப்பந்தக்காரர் அம்மூன்று நாளுக்கும் முறைப்படி பங்களிப்புக் கட்டிவிட்டார். கட்டாதவரால் முன்பு வந்த இடர் போதாதென்று, கட்டியவராலும் இடர் வந்தது. நான்காம் நாளே வேலை முடிந்ததற்குச் சான்று பெற்று 9,840 ரூபாய்க்கு மறுபடியும் மனு எழுதினோம். எழுதிக்கொண்டிருக்கையில் அவர், "தம்பி, அந்த மூணு நாள் வேலைக்குப் போனதுதான் தப்பா?" என்றார். யாம் தேதிகளைச் சரிபார்த்துக் கையெழுத்திடும் இடத்தைக் காட்டினோம். இக்கட்டுரை அச்சுக்குச் செல்லும் நாள்வரை அம்மனுவுக்கு விடை வரவில்லை.